செல்ல வான்கோழி நொண்டுவதேன்?

நத்தார்ப் பண்டிகைக்கு உதவும் என்று வாங்கிவந்த வான்கோழிக் குஞ்சு, மார்கழி பிறப்பதற்குள் வீட்டுப் பிள்ளைகளுள் ஒன்றாகிவிடுவதுண்டு. பெயர் சூட்டியாயிற்று, கையிலிருந்து தீன் கொத்தப் பழகியாயிற்று, படலை திறக்கும் ஓசைக்கு மறுகுரல் கொடுக்கவும் தொடங்கியாயிற்று. இனி அதன் கழுத்திற் கத்தி வைக்க யாருக்கு மனம் வரும்? பண்டிகை கழிகிறது, பறவை பிழைக்கிறது. பிள்ளைகளும் மகிழ்ச்சி மிகுதியால் முன்னிலும் இருமடங்கு தீனை அள்ளிப் போடுகின்றனர். சில மாதங்கள் சென்றபின் ஒரு நாட் காலை, கூட்டைத் திறந்தும் அது எழுந்து வருவதில்லை.

மூதுரை படித்த மாணவருக்கு வான்கோழி என்றதும் அதன் சிறகே நினைவுக்கு வரும். ஆனால் அதனை வளர்ப்போர் நாள்தோறும் பார்க்கவேண்டியது அதன் கால்களையே.

வான்கோழியின் தாயகம் வட அமெரிக்கா. ஐரோப்பியர் அங்குச் செல்லுமுன்னரே மெக்சிக்கோ நாட்டுப் பழங்குடியினர் அதனை வீட்டுப் பறவையாக்கியிருந்தனர். 16ஆம் நூற்றாண்டில் ஸ்பானியர் அதனை ஐரோப்பாவுக்குக் கொண்டு சென்றனர். காட்டில் வாழும் சேவல் பெரும்பாலும் 10 கிலோவுக்கு உட்பட்டதே; விரைந்து ஓடும்; இரவில் மரக்கிளைக்குப் பறந்தேறி உறங்கும். இறைச்சிக்கென்று மனிதன் தெரிந்தெடுத்துப் பெருக்கிய, மார்பகன்ற வெள்ளை இனத்தின் நிலை வேறு. அதன் சேவல் 20 வாரங்களுக்குள் ஏறக்குறைய 20 கிலோ ஆகிவிடும். 1960ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்காவில் விற்பனைக்கு வளர்த்த வான்கோழியின் சராசரி எடை 15 இறாத்தல் அளவே. இன்று அது 30 இறாத்தலைத் தாண்டிவிட்டது. கால்களோ அவ்வளவுக்கு வலுப்பெறவில்லை. மார்புத் தசை பெருத்ததனால் உடலின் பாரம் முன்பக்கம் சாய, எலும்பு முற்றுமுன்னரே அப்பாரத்தைத் தாங்கவேண்டியதாகிறது. இறைச்சிக்கு வளர்ப்போர்க்கு இது பெருங் கவலையன்று. கால்கள் முற்றிலும் தோற்குமுன் பறவை சந்தைக்குப் போய்விடும். அதனை உயிரோடு வைத்திருப்போருக்கே துன்பம் தெரிகின்றது.

இதற்கு அமெரிக்க வெள்ளை மாளிகையே சான்று. நன்றியறிதல் திருநாளையொட்டி ஆண்டுதோறும் அங்கு ஒரு கொழுத்த வான்கோழி சனாதிபதிக்கு அளிக்கப்படும். 1963 நவம்பரில், தாம் சுட்டுக் கொல்லப்படுவதற்குச் சில நாள்களுக்கு முன், சனாதிபதி கென்னடி தமக்கு வந்த பறவையை உண்ணாது விட்டுவிட்டார். 1989இல் மூத்த புஷ் அதற்கு முறைப்படி ‘மன்னிப்பு’ வழங்கினார். அது இன்றும் தொடரும் வழக்கமாயிற்று. மன்னிப்புப் பெற்றவை பண்ணைகளுக்கும் பூங்காக்களுக்கும், அண்மைக்காலத்திற் பல்கலைக்கழகங்களுக்கும் அனுப்பப்பட்டன. நல்ல உணவும் நல்ல வைத்தியரும் இருந்தும், அவற்றுட் பல அடுத்த திருநாளைக் காணவில்லை. கத்தியிலிருந்து அவற்றை விடுவிக்கச் சனாதிபதியால் முடிந்தது. உடற்பாரத்திலிருந்து விடுவிக்க முடியவில்லை.

நம் முற்றங்களில் மேய்ந்து திரியும் சிற்றுடல் வான்கோழிகளுக்கு இவ்வளவு பாரம் இல்லை. எனினும் அவையும் நொண்டுகின்றன. பெரும்பாலான கோளாறுகளுக்கு வித்திடப்படுவது முதற் சில வாரங்களிலேயாகும்.

பொரித்த குஞ்சைப் பெட்டியில் இட்டுப் பழைய பத்திரிகைத் தாளை விரித்துவிடுவது நம்மவர் வழக்கம். (பத்திரிகையில் எழுதுகின்ற நானே இதைக் குறைகூற வேண்டியிருக்கிறது!) வழுவழுப்பான தாளின் மேல் குஞ்சின் பாதம் பிடிகொள்ளாது, இரு கால்களும் பக்கவாட்டில் அகன்றுபோகும். பிறந்த ஓரிரு நாள்களுக்குள் கண்டால் இது தீரக்கூடியதே. மெல்லிய துணிப்பட்டையால் இரு கால்களையும், இயல்பாக நிற்கும் இடைவெளி இருக்குமாறு தளர்வாகப் பிணைத்து நான்கைந்து நாள் விட்டால் நிமிர்ந்துவிடும். இறுக்கிக் கட்டினால் இரத்தவோட்டம் தடைப்படும். ஒரு வாரம் கழித்துக் கண்டால் பயன் அரிது. தாளுக்குப் பதிலாகச் சொரசொரப்பான சாக்குத்துணியை விரித்தால் இத்தொல்லையே இல்லை.

இதனினும் கொடியது தசைநாண் நழுவுதல். பறவையின் காலில் முழங்காலைப்போலத் தோன்றிப் பின்புறம் மடங்கும் மூட்டு உண்மையில் அதன் கணுக்காலாகும். அம்மூட்டு வீங்கித் தட்டையாகி, அதன் பின்னே ஓடும் தடித்த நாண் தன் பள்ளத்திலிருந்து விலகிவிடும். கால் வெளிப்புறமாகத் திருகிக்கொள்ளும். அடிபட்டதென்றே பலர் நினைப்பர். 1936இல் அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழக ஆய்வாளர், உணவில் மங்கனீசு என்னும் உலோகச்சத்துச் சிறிதளவு குறைந்தாலே கோழிக்குஞ்சுகளுக்கு இக்கேடு வருமெனக் காட்டினர். 1940இல் தோமஸ் ஜூக்ஸ் என்பார், கோலின் என்னும் சத்தும் வேண்டுமென்பதை வான்கோழிக் குஞ்சுகளைக் கொண்டே நிறுவினார். சோளத்தில் மங்கனீசு மிகக் குறைவு. நம் வீட்டு அரிசித் தவிட்டில் அது நிறைய உண்டு. ஆயினும் திருகிய காலைத் தவிடு நிமிர்த்தாது. எஞ்சிய குஞ்சுகளைக் காப்பதே அதனால் ஆகும்.

தீனைப்பற்றி மற்றொன்றும் சொல்லவேண்டும். வான்கோழிக் குஞ்சுக்கு முதல் வாரங்களில் நூற்றுக்கு 28 பங்களவு புரதம் வேண்டும். கோழிக்குஞ்சுத் தீனில் 20 பங்கு அளவே உண்டு. மலிவென்று முட்டையிடும் கோழியின் தீனைக் கொடுப்பதோ இன்னும் பிழை. அதில் உள்ள மிகையான கல்சியம் வளரும் எலும்புக்கு உதவாததோடு, மங்கனீசு உடலிற் சேர்வதையும் தடுக்கும். எலும்பு உறுதிப்பட விற்றமின் ‘டீ’யும் வேண்டும், அதனை வெயில் தோலிற் படும்போது பறவை தானே ஆக்கிக்கொள்ளும். கண்ணாடி யன்னலூடாக வரும் வெயில் இதற்குப் பயன்படாது. இரண்டு மூன்று வாரக் குஞ்சின் அலகு இறப்பரைப்போல வளையுமாயின் எலும்பும் அவ்வாறே மென்மையாகிவிட்டதென்று அறிக.

வளர்ந்த பறவைக்கு வரும் நோய் வேறு. உயரமான கிளையிலிருந்து கடினமான தரையிற் குதிப்பதாலும், ஈரப் படுக்கையில் நிற்பதாலும் உள்ளங்காலிற் சிறு காயம் உண்டாகும். அதிற் பக்டீரியாக் கிருமி புகுந்து கறுத்த பொருக்குக் கட்டி உள்ளே சீழ் பிடிக்கும். பொருக்கைச் சவர அலகால் தோண்டுவோர் உளர், அது வேண்டாம். இளஞ்சூடான உப்புநீரிற் கழுவி, உலர்ந்த படுக்கையில் விட்டு, மிருக வைத்தியரிடம் காட்டுதல் வேண்டும். பாரமான பறவைக்கு, தரையிலிருந்து ஒரு முழத்துக்கு மேற்படாத உயரத்தில் அகன்ற பலகையை வைத்தால் போதும். மூட்டுச் சூடாகி வீங்கியிருந்தால் அது தொற்றாகவும் இருக்கலாம். உடனே மற்றவற்றிலிருந்து பிரித்துவிடுதல் நன்று. மனிதருக்கான நோவு மாத்திரையை ஊகித்துக் கொடுத்தல் ஆகாது.

நான்கு மாதத்துக்குப் பின் செல்லப் பறவைக்குத் தீனைக் கண்டபடி கொட்டக்கூடாது. அளந்து, காலையும் மாலையும் மட்டும் கொடுக்கவேண்டும். இடையிற் கீரையும் புல்லும் தேடி நடக்கட்டும். மீந்த சோற்றை நாள்தோறும் கொட்டும் பாட்டிமாரிடம் இதைச் சொல்வது எளிதன்று! பிள்ளைகளைக்கொண்டு வாரந்தோறும் பறவையை நிறுத்து, எடையை ஒரு கொப்பியிற் குறித்துவரச் சொல்லலாம்.

ஒரு கால் மட்டும் கெட்ட பறவை, தண்ணீரும் தீனும் அருகே இருந்தால் நெடுநாள் வாழக்கூடும். இரு கால்களும் திருகி, மார்பு தரையில் உராய்ந்து புண்ணாகி, மற்றப் பறவைகள் கொத்தும் நிலையை அடைந்ததாயின், வைத்தியர் சொல்வதைக் கேட்டு அதனை நோவின்றி முடிக்கச் செய்வதே இரக்கம். பெயர் வைத்த பிள்ளைக்கு அன்று பொய் சொல்லாதிருத்தல் நலம். பறவை எழுந்து நிற்க முயன்று விழுந்ததை அப்பிள்ளையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தது.