தோல் சீட் வாங்கும்போது...

நிமிர்ந்து அமர்ந்து துவிச்சக்கர வண்டி ஓட்டுபவரின் பாரத்தில் பெரும்பகுதி இடுப்பின் அடியிலுள்ள இரு எலும்புகளில் இறங்குகிறது. எனவே குனிந்து ஓட்டுவோருக்குரிய ஒடுங்கிய சீட் பொருந்தாது. பின்புறம் அகன்று, கீழே ஸ்பிரிங் பூட்டியதே ஏற்றது. பெண்களுக்கு அவ்வெலும்புகளின் இடைவெளி பொதுவாக அதிகம். இன்னும் சற்று அகலம் பாருங்கள்.

புதுத்தோல் கடினமாகவே இருக்கும். ஓட்ட ஓட்ட உடலுக்கேற்பப் பதியும். மழையில் நனைய விடாதீர்கள்.

சகோதரிகளே, எந்தப் பிராணியின் தோல் என்று கடைக்காரரிடம் அவசியம் கேளுங்கள். மாட்டுத்தோல் பதனிட்டால் சுத்தமாகிவிடும். பன்றித்தோலோ நமது ஷாபிஈ மத்ஹபின்படி பதனிட்டாலும் நஜீஸே. ஈர உடையோடு அதில் அமர்ந்தால், ஒருமுறை மண் கலந்த நீர் உட்பட ஏழு முறை உடையைக் கழுவாமல் அதனுடன் தொழ முடியாது. விசாரித்து வாங்கினால் இச்சிரமம் இல்லை.