மாதிரி ரயில் எஞ்சின்: புதியதெல்லாம் பழுதற்றதா?

புணே நகரில் வாழும் நேயர்கள் பலர், 1998இல் அங்கே திறக்கப்பட்ட ஜோஷி சிற்றுருவ ரயில் காட்சியகத்தைக் கண்டு களித்திருப்பர். கண்டபின், தம் இல்லத்திலும் ஒரு சிறு பாதை அமைக்க வேண்டுமென்னும் ஆவல் எழுவது இயல்பே. பிரிட்டனிலிருந்து ஓர் எஞ்சினை வரவழைத்துத் தண்டவாளத்தின்மேல் வைக்கிறோம். அதுவோ விக்கி விக்கி ஓடுகிறது. அல்லது நகரவே மறுக்கிறது. பெருவிலை கொடுத்து வாங்கிய புதிய பொருளுக்கு இக்கதி நேர்வானேன்?

பிரிட்டனில் வழங்கும் 'ஓ ஓ' அளவில், உண்மை எஞ்சினின் ஓர் அடி நான்கு மில்லிமீட்டராகச் சுருங்குகிறது. அச்சிறு கூட்டுக்குள் 12 வோல்ட் மோட்டாரும், பல்சக்கரங்களும், சக்கரத்தைத் தொட்டு மின்சாரம் கொள்ளும் மெல்லிய உலோகப் பட்டைகளும் அடங்கவேண்டும். பட்டை மயிரிழையளவு விலகினும் மின்தொடர்பு அறும், எஞ்சின் விக்கும். சக்கரங்களின் உட்புற இடைவெளி ஏறத்தாழ 14.5 மி.மீ. இல்லையேல், பாதை பிரியுமிடத்தில் எஞ்சின் தடம்புரளும். சீரான இடைவெளியில் 'டிக், டிக்' என்னும் ஒலி கேட்குமாயின், அச்சில் இறுக்கிச் செருகிய பிளாஸ்டிக் பல்சக்கரம் வெடித்திருக்கலாம். கிடங்கில் நெடுங்காலம் கிடந்து மசகு இறுகிப்போவதும் உண்டு. இவையெல்லாம் பெரும்பாலும் திருத்தக்கூடிய குறைகளே.

திருத்தவியலாத குறை ஒன்று உண்டு. எஞ்சினின் அடிச்சட்டம் பெரும்பாலும் துத்தநாகக் கலவையால் வார்க்கப்படுவது. அதில் காரீயம் சிறிது கலந்துவிட்டாலும், ஈரக்காற்றில் உலோகத்தின் உட்புறம் அரிக்கப்பட்டு, வார்ப்பு பருத்து, வளைந்து, இறுதியில் உதிர்ந்துபோகும். இரண்டாம் உலகப் போருக்கு முந்திய பொம்மைகள் பல இவ்வாறே அழிந்தன. 1929இல் அமெரிக்காவின் நியூஜெர்சி துத்தநாகக் கம்பெனி, 99.99 விழுக்காடு தூய துத்தநாகத்தைக் கொண்டு உருவாக்கிய கலவை இதற்குப் பரிகாரமாக அமைந்தது. ஆயினும், உருக்குகலத்தில் தூய்மை பேணாத இடத்தில் இந்நோய் மீண்டும் தலைகாட்டும். 2000க்குப் பின் சீனத்தில் செய்யப்பட்ட எஞ்சின்கள் சிலவற்றிலும் அது காணப்பட்டது. வாங்கிய அன்று ஒன்றும் தெரியாது. சில ஆண்டுகள் கழித்தே வெளிப்படும். வெப்பமும் ஈரமும் அதனை விரைவுபடுத்துமாதலால், மும்பையிலும் கல்கத்தாவிலும் உள்ளோர் எஞ்சினை உலர்ந்த இடத்தில் வைப்பது நலம்.

இக்காலத்தில் இவை பெரும்பாலும் தொகுதி தொகுதியாகவே செய்யப்படுகின்றன. ஒரு தொகுதி விற்றுத் தீர்ந்தபின் பழுதைக் காட்டினால், விற்றவர் பணத்தைத் திருப்பலாமேயன்றி, வேறோர் எஞ்சினுக்கு எங்கே போவார்? உதிரி உறுப்பு கிடைப்பதும் அரிது. புற அழகில் காட்டும் அக்கறையில் பாதியையேனும் செய்வோர் உறுப்புகளைச் சேமித்து வைப்பதில் காட்டலாகாதா என்று நாம் கேட்கத்தான் வேண்டியிருக்கிறது.

ஆகவே, எஞ்சின் வந்த முதல் வாரத்திலேயே அதனைச் சோதித்துவிடவேண்டும். பெட்டிகளைப் பூட்டாமல், நடுத்தர வேகத்தில், முன்னோக்கி அரைமணியும் பின்னோக்கி அரைமணியும் ஓட்டுக. பிறகு மிக மெதுவாக ஓட்டிப் பார்க்க; விக்கல் அப்பொழுதுதான் புலப்படும். இச்சோதனை முடியுமுன் தனியே தரப்பட்ட நுண்ணுறுப்புகளை ஒட்டுவதோ, வண்ணம் பூசுவதோ, டிகோடர் பொருத்துவதோ கூடாது. மாற்றம் செய்த பொருளைத் திரும்பப் பெற விற்பவர் தயங்குவார். எஞ்சின் வந்த பெட்டியையும் அதனுள்ளிருக்கும் தாங்குறையையும் எறிந்துவிடலாகாது. கடல்கடந்து திருப்பி அனுப்ப நேர்ந்தால், அந்த உறையைப்போல் வேறொன்றும் அதைக் காக்காது.