அண்ணாச்சி கடையும் பேசும் பெட்டியும்

மளிகைக்கடை வைத்திருக்கும் நம்மவர்களிடம் யாராவது, "கம்ப்யூட்டர் வாங்கிப் போடுங்கள், வியாபாரம் பெருகும்" என்று சொன்னால், முதலில் அவரைக் காலை ஏழு மணிக்கு அந்தக் கடையில் அரைமணி நேரம் நிற்கச் சொல்லுங்கள். கால் கிலோ துவரம்பருப்பு, பத்து ரூபாய்க்குக் கொத்தமல்லி கறிவேப்பிலை, ஒரு தேங்காய், "மீதியை நோட்டில் எழுதிக்கோங்க அண்ணாச்சி." இதில் எதன் மேல் பார்கோடு ஒட்டியிருக்கிறது?

பெங்களூர் அல்சூரில் எங்கள் தெருக்கோடியில் இருக்கும் அண்ணாச்சி கடையிலும் ஒரு பில் மெஷின் உண்டு. சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை பார்க்கும் மகன் ஆசையாக வாங்கிக் கொடுத்தது. அதற்குத் துண்டு போர்த்தி, மேலே ஊதுபத்தி ஸ்டாண்டை வைத்திருக்கிறார். மகன் வரும் ஞாயிற்றுக்கிழமை மட்டும் துண்டு விலகும். அண்ணாச்சிக்கு இயந்திரம் என்றால் பயம் என்று எண்ணிவிடாதீர்கள். கூட்டம் நிற்கும்போது பொருளின் பெயரைத் தேடித் தட்டிக்கொண்டிருக்க அவருக்கு நேரமில்லை, அவ்வளவுதான். மனக்கணக்கில் அவரை மிஞ்ச எந்த மெஷினாலும் முடியாது.

ஆனால் யு.பி.ஐ. அட்டையை அவர் யாரும் சொல்லாமலே மாட்டிக்கொண்டார். 2016-ல் யு.பி.ஐ. வந்தது. அதே ஆண்டு நவம்பர் 8-ஆம் தேதி இரவு 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாமல் போயின. மறுவாரமே பக்கத்து அபார்ட்மென்ட்டிலிருந்து வரும் பிள்ளைகள் செல்போனை நீட்டத் தொடங்கிவிட்டார்கள். 2020 ஜனவரியிலிருந்து இப்படி வரும் பணத்துக்குக் கடைக்காரரிடம் கமிஷன் பிடிப்பதில்லை என்றும் ஆயிற்று. சில்லறைக்குப் பதில் மிட்டாய் கொடுக்கும் வழக்கம் எங்கள் தெருவில் அத்தோடு ஒழிந்தது.

இதிலும் கள்ளம் புகாமல் இல்லை. பணம் அனுப்பியதாகப் பொய்ப் படத்தைக் காட்டிவிட்டு எண்ணெய் டின்னோடு போனவர்கள் உண்டு. கடைக்காரரின் அட்டை மேல் தங்கள் அட்டையை ஒட்டிவிட்டுப் போகிறவர்களும் உண்டு. இரண்டுக்கும் மருந்து அந்தப் பேசும் பெட்டி. பணம் கணக்கில் ஏறினால்தான் அது வாய் திறக்கும். அதற்கு மாத வாடகை பிடிக்கிறார்களே என்று அண்ணாச்சி முணுமுணுத்தார். ஒரு எண்ணெய் டின்னின் விலையைச் சொன்னேன், அடங்கிவிட்டார். கூடவே ஒன்றைச் சொல்லி வைத்தேன், வாசகர்களும் வீட்டில் சொல்லி வையுங்கள்: பணம் வாங்குவதற்கு ரகசிய எண் தேவையே இல்லை. "பணம் வரும், எண்ணை அழுத்துங்கள்" என்று யார் சொன்னாலும் அவன் திருடன். ஏமாந்துவிட்டால் தாமதிக்காமல் 1930-க்குப் போன் செய்யவேண்டும்.

இப்படி நன்றாகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் 2025 ஜூலை வந்தது. கடைகளுக்கு யு.பி.ஐ. வழியாக வந்த தொகைகளைத் தொகுத்துப் பார்த்து, கர்நாடக வணிகவரித் துறை சிறு வியாபாரிகள் பலருக்கு நோட்டீஸ் அனுப்பியது. பேக்கரி, டீக்கடை, காய்கறிக்கடை எதுவும் தப்பவில்லை. ஊர் முழுக்கக் கடை வாசல்களில் "யு.பி.ஐ. இல்லை, ரொக்கம் மட்டும்" என்று தாள் ஒட்டினார்கள். அந்த மாதமே முதலமைச்சர் சித்தராமையா வியாபாரிகளை அழைத்துப் பேசி, பழைய பாக்கியை வசூலிக்கமாட்டோம், ஆனால் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்று அறிவித்தார்.

அண்ணாச்சிக்கு நோட்டீஸ் வரவில்லை. ஆனாலும், "சார், வம்பே வேண்டாம், அட்டையக் கிழிச்சிருவோம்" என்று எடுத்தே விட்டார். மூன்று நாள்தான். அபார்ட்மென்ட் பிள்ளைகள் யார் பையிலும் நோட்டு இல்லை. நேரே சூப்பர் மார்க்கெட்டுக்குப் போனார்கள். முப்பது வருஷமாகத் தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்து கட்டிய கடை, காலை எட்டு மணிக்குக் காலியாகக் கிடந்தது. நான்காம் நாள் இரவு பாங்கு கணக்கை அச்செடுத்துக்கொண்டு இருவரும் உட்கார்ந்தோம். நான் ஒரு தொழிற்சாலையின் கணக்குப் பிரிவில் ஓய்வு பெற்றவன், எனக்கு இது பழைய சோறு.

அந்த ஆண்டு கணக்கில் ஏறியிருந்தது 51 லட்சம். ஆனால் அதே அட்டை வழியாகத்தான் சீட்டுப் பணமும் வந்தது, மகன் அனுப்பிய வீட்டுத் தவணையும் வந்தது, மச்சான் திருப்பித் தந்த கைமாற்றும் வந்தது. பெட்டி எல்லாவற்றையும் ஒரே குரலில்தான் சொல்லும். எது வியாபாரம், எது சொந்தம் என்று அதற்குத் தெரியாது. பார்க்கிற அதிகாரிக்கும் தெரியாது. சிவப்பு மையால் அடித்துக்கொண்டே போனதில் 8 லட்சம் கழிந்தது.

மிச்சம் 43 லட்சம். பொருள் விற்பவர்களுக்கு ஜி.எஸ்.டி. பதிவு வரம்பு கர்நாடகத்தில் ஆண்டுக்கு 40 லட்சம் (சேவைத் தொழிலுக்கு 20 லட்சம்). நாளொன்றுக்குப் பதினோராயிரம் ரூபாய் வியாபாரம் நடந்தாலே இதைத் தாண்டிவிடும். லாபத்தின் கணக்கல்ல இது, விற்றுமுதலின் கணக்கு. கல்லாவில் விழுந்த ரொக்கமும் இதில் சேரும் என்பதால் அட்டையைக் கிழித்தாலும் சட்டப்படி ஒன்றும் மாறாது. அரிசியும் பருப்பும் தளர்வாக அளந்து விற்பது, காய்கறி, பால் ஆகியவற்றுக்கு வரி இல்லை. இவற்றை மட்டும் விற்பவர் எவ்வளவு விற்றாலும் பதிவு செய்யத் தேவையில்லை. சோப்பு, பிஸ்கட் ஆகியவற்றைச் சேர்த்து விற்றால் வரியில்லாத சரக்கும் வரம்புக் கணக்கில் ஏறிக்கொள்ளும். அண்ணாச்சி கடை இந்த ரகம்.

ஆகவே பதிவு செய்யத்தான் வேண்டும் என்றேன். அவர் முகம் சுருங்கிவிட்டது. அன்றிரவு கணக்கு முடியும்வரை பேசவே இல்லை. ஒன்றரைக் கோடி வரை விற்பவர்களுக்குக் காம்பொசிஷன் என்று ஒரு திட்டம் இருக்கிறது. வியாபாரிகளுக்கு, வரியுள்ள சரக்கின் விற்பனையில் நூற்றுக்கு ஒரு ரூபாய். வாடிக்கையாளரிடம் தனியாக வரி வாங்கக்கூடாது, கைக்காசிலிருந்துதான் கட்டவேண்டும். மொத்த வியாபாரியின் பில்களைப் பிரித்துப் பார்த்ததில் அண்ணாச்சிக்கு வரியுள்ள விற்பனை ஏறத்தாழ 20 லட்சம். வரி வருஷத்துக்கு 20,000, மாதம் 1,700-க்குள். "இவ்வளவுதானா சார்? இதுக்கா மூணு நாள் யாவாரத்தை விட்டேன்?" என்றார்.

இப்போது கடைக்கென்று தனியாக ஒரு கரண்ட் அக்கவுண்ட், அதற்கு மட்டும் ஓர் அட்டை. சீட்டுப் பணமும் மகன் பணமும் பழைய கணக்கில். இரவு கடை சாத்தும்போது செல்போனில் அன்றைய மொத்தத்தைப் பார்த்து டயரியில் எழுதுகிறார், பக்கத்தில் கல்லா ரொக்கம். கொள்முதல் பில்கள் இரண்டு ஃபைல்களில், வரி உள்ளது, இல்லாதது. பில் மெஷின் இல்லாமல் எப்படி என்று கேட்பீர்கள். 200 ரூபாய்க்குக் குறைந்த விற்பனைக்கு, பதிவில்லாத சாதாரண வாடிக்கையாளர் கேட்காதபோது தனி பில் தரவேண்டியதில்லை, நாள் முடிவில் மொத்தமாக ஒன்று போட்டால் போதும் என்று விதியே இருக்கிறது. பத்து ரூபாய் கறிவேப்பிலை அதில் அடங்கிவிடும். பெரிய மாதச் சரக்குக்கு மட்டும் பில் புத்தகம்.

வாட்ஸ்அப் பிசினஸையும் சேர்த்துவிட்டோம். மாமிகள் தட்டச்சு செய்வதில்லை, குரலில் சொல்லி அனுப்புகிறார்கள். அண்ணாச்சியும் குரலிலேயே, "அனுப்பிடுதேன் அம்மா" என்கிறார். அதில் "பணம் பாக்கி" என்று லேபிள் ஒட்டும் வசதி இருப்பதால் மாதக் கடைசியில் யாரை ஞாபகப்படுத்துவது என்று தெரிகிறது. இருந்தாலும் கடன் நோட்டை அவர் விடவில்லை, நானும் விடச் சொல்லவில்லை. அதன் பக்கங்களை வாரம் ஒருமுறை படமெடுத்து மகனுக்கு அனுப்பிவிடுவார். மழையில் ஒருமுறை நனைந்த நோட்டு அது.

பேசும் பெட்டியை எந்த மொழியில் வைப்பது என்று வீட்டில் சிறு விவாதம். அண்ணாச்சியம்மாவுக்குத் தமிழ்தான் வேண்டும். கடைப் பையனுக்குக் கன்னடம்தான் புரியும், காலைக் கூட்டத்தைச் சமாளிப்பவனும் அவனே. கன்னடத்திலேயே வைத்திருக்கிறார்கள். பையன் ஊருக்குப் போகும் நாட்களில் மட்டும் அண்ணாச்சியம்மா அதைத் தமிழுக்கு மாற்றிக்கொள்கிறார். எப்படி மாற்றுவது என்று என்னிடம் கேட்கவில்லை, தானே கண்டுபிடித்தார்.