பகிர்பவரும் சாட்சியே

ஓசூருக்கும் கிருஷ்ணகிரிக்கும் இடையே நெடுஞ்சாலையை ஒட்டி அமைந்துள்ளது சூளகிரி. தமிழும் தெலுங்கும் கன்னடமும் நெடுங்காலமாகக் கலந்து வழங்கும் இவ்வெல்லைப் பகுதியில், தொழிற்சாலைகள் பெருகிய பின்னர் இந்தியும் கேட்கப்படுகிறது. வட மாநிலத் தொழிலாளர் நம் சபையார் சிலருடைய வீடுகளிலும் வாடகைக்குக் குடியிருக்கின்றனர். 2023-ஆம் ஆண்டு மார்ச் மாதத் தொடக்கத்தில் அவர்களுள் சிலர் மூட்டை கட்டலாயினர். தமிழகத்தில் பீகார் மக்கள் கொல்லப்படுகின்றனர் என்று கைப்பேசிகளில் காணொலிகள் வந்திருந்தன. ஒரே காட்சி தகப்பனாரிடமிருந்தும் தமையனிடமிருந்தும் ஊர் நண்பரிடமிருந்தும் வந்தபோது, அதனை அவர்கள் எவ்வாறு ஐயுறுவர்? "ஐயா, இது மெய்தானா?" என்று சபையார் வினவியபோது, நாமும் உடனே விடை கூற இயலாது நின்றோம்.

அக்காட்சிகளுள் இரண்டைக் குறித்துத் தமிழகக் காவல்துறைத் தலைவர் அப்போதே விளக்கமளித்தார். ஒன்று, பீகார் தொழிலாளரின் இரு பிரிவினருக்குள் முன்னர் நடந்த மோதல். மற்றொன்று, கோவையில் உள்ளூரார் தமக்குள் மோதிக்கொண்டது. பீகார் அரசும் அதிகாரிகள் குழுவொன்றைத் தமிழகத்திற்கு அனுப்பி நிலைமையை அறிந்தது. காட்சிகள் உண்மையில் நடந்தவையே. அவற்றின்மீது ஒட்டப்பட்ட விளக்கமே பொய்.

இங்கு இறையியல் மாணவர் கற்கும் மூலபாட ஆய்வு நமக்குத் துணைசெய்யும். ஒரே மூலத்திலிருந்து பெயர்த்தெழுதப்பட்ட நூறு கையெழுத்துப் படிகள் நூறு சாட்சிகளாகா. அவை ஒரு சாட்சியே. இரண்டு அல்லது மூன்று சாட்சிகள் வேண்டுமென்று உபாகமம் 19:15 விதிக்கின்றது. ஒருவரிடம் கேட்டதையே பத்துப் பேர் திரும்பக் கூறினால், அவ்விதி நிறைவேறியதாகக் கொள்ளலாமோ? வாட்ஸ்அப்பில் சில செய்திகளின்மேல் இரட்டை அம்புக்குறி காணப்படும். அச்செய்தி ஐந்து கைகளேனும் மாறி வந்த படி என்பதே அதன் பொருள். அதனை முதலில் அனுப்பியவர் யாரென்று அக்குறி கூறாது.

இக்குறை பிறரிடம் மட்டுமே உள்ளதெனக் கருதலாகாது. ஆப்கானிஸ்தானத்தில் 22 மிஷனெரிகள் 'நாளை' கொல்லப்படவிருக்கின்றனர், ஜெபியுங்கள் என்னும் வேண்டுகோள் பல்லாண்டுகளாகச் சபைகளில் சுற்றி வந்தது. 2007 ஜூலையில் தென்கொரியக் கிறிஸ்தவர் 23 பேரைத் தாலிபான் கடத்தியது உண்மை. அவர்களுள் இருவர் கொல்லப்பட்டனர். எஞ்சியோர் ஆகஸ்டு மாத இறுதிக்குள் விடுதலை பெற்றனர். ஆயினும் தேதியற்ற அந்த 'நாளை' ஆண்டுதோறும் புதிய நாளையாகவே நின்றது. பக்தியோடு பகிர்ந்தமையால் பொய் மெய்யாகிவிடாது.

ஆகவே எச்செய்தியைப் பகிருமுன்னும் நான்கு வினாக்களை எழுப்புதல் நலம். முதலில் கூறியவர் யார்? எவ்விடத்தில், எந்நாளில் நிகழ்ந்தது? முன்னும் பின்னும் வெட்டப்பட்டுள்ளதா? முதற்செய்தியைச் சாராத வேறொருவர் இதனைக் கண்டு கூறியுள்ளாரா? விடை கிட்டாவிடில், காத்திருப்பதே கடமை.

அதற்காக, வருவதனைத்தையும் பொய்யென்று தள்ளுவதும் ஆராய்ச்சியாகாது. அவ்வாறு தள்ளுபவர், கொரியச் சகோதரரின் உண்மைத் துயரையும் தள்ளியிருப்பார். ஒரு தொழிலாளி மெய்யாகவே அடிபட்டு வந்து முறையிடும்போதும் செவிசாய்க்க மாட்டார். பெரோயா பட்டணத்தார் வசனத்தை மனோவாஞ்சையாய் ஏற்றதோடு, நாடோறும் ஆராய்ந்தும் பார்த்தனர் (அப். 17:11). ஏற்கும் மனமும் ஆராயும் மனமும் அவர்களிடம் ஒருங்கே இருந்தன.

பொய்ச்சாட்சியை விலக்கும் கட்டளை நீதிமன்றத்தோடு நின்றுவிடுவதன்று. செய்தியை அனுப்பும் விரலும் சாட்சி கூறுகின்றது. நாம் தவறாகப் பகிர்ந்ததுண்டாயின், பகிர்ந்த அதே குழுவில் தவறென்று அறிவிப்பது ஆயருக்கு இழிவன்று. அச்சத்தால் மூட்டை கட்டும் அயலானை நகையாது, அவனருகே அமர்ந்து, அக்காட்சி எங்கே, எப்போது எடுக்கப்பட்டதென்று அவனுக்கு விளங்கும் மொழியில் எடுத்துரைப்பதும் ஆயர் பணியே.