மலைக்கிண்ணத்தில் தேங்கும் அடுப்புப் புகை

கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 500 மீற்றர் உயரத்தில், ஹந்தானை மலைத்தொடரும் உடவத்தைக்கெலே காட்டு மேடும் சூழ அமைந்திருக்கும் கண்டி நகரம், கிண்ணமொன்றின் அடியில் வைக்கப்பட்டது போன்றது. இரவில் மலைச் சரிவுகள் விரைவாகக் குளிர, அவற்றைத் தொட்ட காற்றும் குளிர்ந்து கனத்துப் பள்ளத்தாக்கில் இறங்கித் தேங்குகிறது. அதன் மேல் வெப்பமான காற்றுப் படையொன்று மூடிபோல் நிற்கிறது. வெப்பநிலை நேர்மாறல் எனப்படும் இந்நிலை வெயில் ஏறி நிலம் சூடாகும்வரை கலைவதில்லை. வீடுகளில் அடுப்பு மூட்டப்படுவதும், பஸ்களும் முச்சக்கர வண்டிகளும் நகருக்குள் நெருக்கியடிப்பதும் இதே காலை வேளையில்தான். கண்டியின் காற்று மாசு பற்றிய பேச்சு பெரும்பாலும் வாகனப் புகையோடு நின்றுவிடுகிறது. அது நியாயமான கவலையே என்றாலும், சமையலறைப் புகையும் அதே மூடிக்குள்தான் அடைபடுகிறது.

விறகு முழுமையாக எரிந்தால் காபனீரொட்சைட்டும் நீராவியுமே பெரும்பாலும் வெளிவரும். ஆனால் மழை மிகுந்த மலைநாட்டில் விறகு நன்கு காய்வது அரிது. ஈரத்தை ஆவியாக்குவதிலேயே வெப்பம் செலவாகி, சுவாலை தணிந்து, எரியாத வாயுக்களும் காபனோரொட்சைட்டும் நுண்துணிக்கைகளும் புகையாக எழுகின்றன. இவற்றுள் 2.5 மைக்கிரோமீற்றருக்கும் குறைந்த விட்டமுடைய, தலைமயிரின் தடிப்பில் ஏறத்தாழ முப்பதில் ஒரு பங்கேயான துணிக்கைகள் நுரையீரலின் ஆழம்வரை சென்று, இருதய நோய்க்கும் நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோய்க்கும் குழந்தைகளின் நியுமோனியாவுக்கும் வழிவகுக்கின்றன. வீட்டுப் புகையால் 2020இல் உலகெங்கும் 32 இலட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது. இலங்கையில் 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்போது, நாட்டின் வீடுகளில் முக்காற்பங்குக்கு மேற்பட்டவை விறகிலேயே சமைத்தன. கண்டியைச் சூழ்ந்த தேயிலைத் தோட்டங்களில், கவ்வாத்தில் வெட்டிய தேயிலைக் கிளைகளான மிலாறைச் சுமந்து வந்து, லயன் எனப்படும் தோட்டக் குடியிருப்பு வரிசையின் காற்றோட்டமற்ற காம்பராவில் எரிக்கும் பெண், நாள் முழுவதும் கொழுந்து பறித்த களைப்போடு அந்தப் புகைக்கு முன் குந்துகிறாள் என்பதை மதிப்பீட்டு எண்கள் காட்டுவதில்லை.

1980களில் இலங்கையில் உருவான ‘அனகி’ என்னும் இரு வாய்க் களிமண் அடுப்பு, விறகுச் செலவைக் குறைத்து, ஒரே தீயில் சோற்றையும் கறியையும் வேகவைத்தது. அதைப் பரப்புவதில் கண்டியில் இயங்கிய தொண்டர் அமைப்பொன்றுக்கும் பங்குண்டு. குயவர்களின் கைத்திறனால் செய்யப்பட்டு, ஏழைக்கும் எட்டிய விலையில் கிடைத்த அந்த அடுப்பு போற்றத்தக்கது. எனினும் விறகு எரியும்வரை புகை இருந்தே தீரும்; புகைபோக்கி அதைச் சமையலறையிலிருந்து அகற்றினாலும் பள்ளத்தாக்கிலிருந்து அகற்றுவதில்லை.

இந்த வேறுபாட்டை உணர்த்தும் சான்று தமிழ்நாட்டிலும் உண்டு. இந்தியா, குவாத்தமாலா, பெரு, ருவாண்டா ஆகிய நான்கு நாடுகளில் 3,200 கர்ப்பிணிகளிடம் நடத்தப்பட்ட பெரும் ஆய்வின் இந்தியப் பகுதி விழுப்புரம், நாகப்பட்டினம் மாவட்டங்களில் நிகழ்ந்தது. ஆய்வில் சமையல் எரிவாயு பெற்ற பெண்கள் சுவாசித்த நுண்துணிக்கை அளவு கன மீற்றருக்கு ஏறத்தாழ 24 மைக்கிரோகிராமாகவும், அதைப் பெறாத பெண்களிடம் ஏறத்தாழ 70 ஆகவும் இருந்தபோதும், 2022இல் வெளியான முடிவுகளின்படி குழந்தைகளின் பிறப்பு எடையில் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. எரிவாயு பயனற்றது என்று இதற்குப் பொருளில்லை. ஆண்டுச் சராசரிக்கு உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கும் 5 மைக்கிரோகிராமோடு ஒப்பிட்டால் 24உம் உயர்ந்ததே. ஒரு வீட்டின் அடுப்பு அணைந்தாலும் அயல் வீட்டுப் புகையும் தெருப்புகையும் உள்ளே வரும். கிண்ணம்போன்ற கண்டிக்கு இது இன்னும் பொருந்தும் என்பதால், ஒரு வீட்டுக்கு ஒன்றாக அன்றி, ஊர் ஊராக எரிபொருள் மாறுவதே பயன் தரும்.

ஆனால் மாறிய எரிபொருள் தொடர்ந்து கிடைக்கவும் வேண்டும். இலங்கையில் 2021 இறுதியில் எரிவாயுக் கசிவு வெடிப்புகள் மக்களை அச்சுறுத்தின. 2022இல் சிலிண்டர் வரிசைகள் நீண்டு, நகரவாசிகளே விறகுக்குத் திரும்பினர். அவ்வாண்டு ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்கு உயர்ந்தது. கண்டியைச் சுற்றி வளைந்தோடும் மகாவலி ஆற்றில், நகருக்குக் கிழக்கே 210 மெகாவாற்றுத் திறனுள்ள விக்டோரியா நீர்மின் நிலையம் இருக்க, மின்னடுப்பே இயல்பான தெரிவாகத் தோன்றும். எனினும் அதே 2022 மார்ச் இறுதியில் நாளுக்கு 13 மணிநேரம்வரை மின்வெட்டு நிலவியது. ஒரு மின்தூண்டல் அடுப்பு 2,000 வாற்றுவரை இழுப்பதால், பல குடும்பங்கள் ஒரே கூரையின்கீழ் வாழும் லயன் வரிசைகளில் அடுப்பை வழங்குமுன், கம்பியிணைப்பு அந்தச் சுமையைத் தாங்குமா என்பதை முதலில் சோதிக்க வேண்டியிருக்கிறது.