இதய நுரையீரல் உடற்பயிற்சிச் சோதனையும் உடல் கொழுப்பும்

இதய நுரையீரல் உடற்பயிற்சிச் சோதனை என்பது, ஒருவர் டிரெட்மில்லில் நடக்கும்போதோ நிலையான மிதிவண்டியை மிதிக்கும்போதோ அவரது மூச்சிலுள்ள ஆக்சிசன், கார்பன் டை ஆக்சைடு அளவுகளைக் கொண்டு இதயம், நுரையீரல், தசைகள் ஆகியவற்றின் கூட்டுத் திறனை மதிப்பிடும் மருத்துவச் சோதனை ஆகும். இதன் முதன்மை அளவீடு உச்ச ஆக்சிசன் நுகர்வு ஆகும். இது வழக்கமாக, ஒரு கிலோகிராம் உடல் எடைக்கு ஒரு நிமிடத்தில் நுகரப்படும் மில்லிலிட்டராகக் குறிக்கப்படுகிறது. உடலின் கொழுப்பு அளவை அறியாமல் இவ்வெண்ணை மட்டும் கொண்டு இதயத்தின் நிலையை முடிவு செய்வது பிழைக்கு இடமளிக்கும்.

எடையால் வகுத்தல்

உடற்பயிற்சியின்போது ஆக்சிசனின் பெரும்பகுதியை இயங்கும் தசைகளே பயன்படுத்துகின்றன. கொழுப்புத் திசு மிகக் குறைவாகவே பயன்படுத்துகிறது. ஆயினும் அது எடையில் சேர்கிறது.

எடுத்துக்காட்டாக, ஒருவர் 60 கிலோ எடையும் 20% கொழுப்பும், மற்றொருவர் 80 கிலோ எடையும் 40% கொழுப்பும் கொண்டவர் எனக் கொள்வோம். கொழுப்பு நீங்கலான எடை இருவருக்கும் 48 கிலோ. இருவரும் நிமிடத்திற்கு 2.4 லிட்டர் ஆக்சிசன் நுகர்ந்தால், மொத்த எடையின்படி முதலாமவரின் மதிப்பு 40, இரண்டாமவரின் மதிப்பு 30. கொழுப்பு நீங்கலான எடையின்படி இருவருக்கும் 50.

இரு மதிப்புகளின் பயன்

இரண்டாமவரின் குறைந்த மதிப்பு இதயக் குறைபாட்டைக் காட்டவில்லை. எனினும் அது பொருளற்றதும் அன்று. கோயம்புத்தூருக்கு மேற்கே, பூண்டியிலிருந்து வெள்ளியங்கிரியின் ஏழு மலைகளை ஏறுபவர் தம் முழு எடையையும் சுமந்தே ஏற வேண்டும். எனவே ஏறும் திறனை அறிய மொத்த எடையும், இதயத்தின் திறனை அறியக் கொழுப்பு நீங்கலான எடையும் பொருத்தமானவை. வயிற்றுக் கொழுப்பு உதரவிதானத்தை மேல்நோக்கி அழுத்துவதால் மூச்சுவிடுதலும் கடினமாகிறது. 2024 மலையேற்றக் காலத்தில் இம்மலையில் பக்தர்கள் சிலர் உயிரிழந்தனர். இதய, மூச்சு நோய் உள்ளோர் ஏறுவதைத் தவிர்க்குமாறு வனத்துறை அறிவுறுத்துகிறது.

மருத்துவ முடிவுகள்

இதயச் செயலிழப்பு உள்ளோருக்கு இதய மாற்று அறுவையைப் பரிந்துரைக்கும்போது இவ்வேறுபாடு முக்கியமாகிறது. பீட்டா தடுப்பு மருந்து உட்கொள்ளாதவர்களுக்கு 14 அல்லது அதற்குக் குறைந்த மதிப்பு ஒரு வரம்பாகக் கொள்ளப்படுகிறது. உடல் நிறை குறியீட்டெண் 30க்கு மேற்பட்டோருக்கு, கொழுப்பு நீங்கலான எடையின்படி 19க்குக் குறைந்த மதிப்பைக் கருதலாம் எனப் பன்னாட்டு இதய நுரையீரல் மாற்றுச் சங்கத்தின் 2006ஆம் ஆண்டு வழிகாட்டி கூறுகிறது.

இந்தியர்களில்

ஒல்லியான தோற்றமும் குறைந்த கொழுப்பைக் காட்டுவதில்லை. புனேயைச் சேர்ந்த மருத்துவர் யாஜ்னிக், பிரித்தானியரான யுட்கின் ஆகிய இருவரின் உடல் நிறை குறியீட்டெண்ணும் 22.3 ஆகவே இருந்தது. ஆனால் கொழுப்பு முறையே 21.2%, 9.1% என இருந்ததை அவர்கள் 2004இல் லான்செட் இதழில் வெளியிட்டனர். ஆகவே, சோதனை முடிவுடன் உடல் கொழுப்பின் அளவையும் சேர்த்துப் பார்ப்பது, பருமனானவர்களுக்கு மட்டுமன்றி ஒல்லியானவர்களுக்கும் பயனுள்ளதாகும்.