அழைப்பவர் யார்? எண்ணைக் கொண்டு பெயரறிதலும் அதன் எல்லையும்

தொலைபேசி மணி ஒலிக்கிறது. கருவியின் முகப்பில் அறிமுகமில்லாத எண் ஒன்று தோன்றுகிறது. கிராமங்களில் பணிபுரியும் ஊழியருக்கும் பள்ளி ஆசிரியருக்கும் இது நாள்தோறும் நேருவது. விவசாயியோ, மாணவனின் தந்தையோ அவசரத் தேவையின் பொருட்டு அழைத்திருக்கலாம். எனவே புதிய எண்களை அடியோடு புறக்கணித்தல் இவர்களுக்கு இயலாது. உதவித்தொகை வந்திருப்பதாகக் கூறி வங்கிக் கணக்கின் விவரங்களைப் பறிக்கும் வஞ்சகரும் இதே வழியில்தான் வருகின்றனர். எண்ணிலிருந்து பெயரை அறியக் கட்டணமின்றிக் கிடைக்கும் வசதிகளை எந்த அளவிற்கு நம்பலாம் என்பதை இங்கு ஆராய்வோம்.

எண் கூறுவது யாது?

1882-ஆம் ஆண்டு ஜனவரி 28-ஆம் தேதி கல்கத்தா, பம்பாய், சென்னை ஆகிய நகரங்களில் தொலைபேசி நிலையங்கள் திறக்கப்பட்டன. அன்று கல்கத்தா நிலையத்தின் சந்தாதாரர்கள் 93 பேரே. சந்தாதாரர் தொகை பெருகிய காலத்தில், பெயரைத் தேடி எண்ணை அறிவதற்கு அச்சிட்ட விலாசப் புத்தகம் துணை நின்றது. இன்று நமக்கு வேண்டுவது இதற்கு நேர்மாறானது. கைபேசி எண்களுக்கோ அத்தகைய பொதுப் புத்தகம் எதுவும் நம் நாட்டில் இல்லை.

நம் நாட்டுக் கைபேசி எண் 6, 7, 8, 9 ஆகியவற்றுள் ஒன்றில் தொடங்கும் பத்து இலக்கங்களைக் கொண்டது. முதல் சில இலக்கங்களைக் கொண்டு, எண்ணை வழங்கிய கம்பெனியையும் வட்டாரத்தையும் முன்னர் அறிய முடிந்தது. எண்ணை மாற்றாமலே கம்பெனியை மாற்றிக்கொள்ளும் உரிமை 2011 ஜனவரியில் நாடெங்கும் நடைமுறைக்கு வந்தது. 2015 ஜூலை முதல் வட்டாரம் மாறினும் பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம். எனவே முதல் இலக்கங்கள் இன்று கூறுவது, அவ்வெண் முதன்முதலில் எங்கே வழங்கப்பட்டது என்பதை மட்டுமே.

பெயர் எங்கிருந்து வருகிறது?

2009-ஆம் ஆண்டில் ஸ்வீடன் நாட்டில் தொடங்கப்பெற்ற ட்ரூகாலர் போன்ற சேவைகள், எண்ணை அளித்தால் பெயரைக் காட்டுகின்றன. இவ்வகைச் சேவைகளின் பெயர்த் தொகுதி பெரும்பாலும் உபயோகிப்போர் அளிக்கும் பெயர்களாலும், திருத்தங்களாலும், புகார்களாலும் உருவாவதாகும். ஆகவே முகப்பில் தோன்றுவது ஊரார் வழங்கும் பெயரேயன்றி, அரசாங்கச் சான்று அன்று. பலர் புகார் செய்த எண்ணை அறிய இது பெரிதும் பயன்படும். ஆயின் 'வங்கி மேலாளர்' என்று ஒருவன் தனக்குத்தானே பெயரிட்டுக் கொள்ளவும் கூடும். மேலும், ஒருவர் கைவிட்ட எண் குறைந்தது 90 நாட்கள் கழித்து வேறொருவருக்கு வழங்கப்படலாம். பழையவரின் அவப்பெயர் புதியவரைத் தொடரும்.

கட்டணமில்லை எனினும் விலை இல்லாமல் இல்லை. சில சேவைகள் நமது கருவியிலுள்ள பெயர்ப் பட்டியலைப் பார்வையிட அனுமதி கோருகின்றன. ஆசிரியரின் பட்டியலில் பெற்றோர் பலரின் எண்கள் இருக்கும். அவற்றைப் பிறரிடம் ஒப்படைக்க அவர்கள் சம்மதித்தார்களா என்று எண்ணிப் பார்த்த பின்னரே அனுமதி அளித்தல் முறையாகும்.

இணைப்புப் பெறும்போது அளித்த விண்ணப்பத்திலுள்ள பெயரையே அழைப்புடன் காட்டலாம் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் 2024 பிப்ரவரியில் பரிந்துரைத்தது. இது உறுதி மிகுந்த முறையே. எனினும் தந்தையின் பெயரிலுள்ள இணைப்பில் மகன் பேசும்போது தோன்றுவது தந்தையின் பெயரே என்பதை மறத்தலாகாது.

எண்ணும் பொய் சொல்லும்

தபால் உறையில் இரு விலாசங்கள் உண்டு. பெறுபவர் விலாசம் தவறானால் கடிதம் சேராது. அனுப்புவோர் விலாசம் பொய்யானாலும் கடிதம் சேர்ந்துவிடும். தொலைபேசியிலும் அவ்வாறே. அழைப்பவர் எண் என்பது அழைப்புடன் கூடவே வரும் ஒரு குறிப்பு. சாதனங்களின் உதவியால், சிறப்பாக வெளிநாட்டு அழைப்புகளில், அதை மாற்றி அனுப்ப இயலும். இத்தகைய அழைப்புகளைத் தடுக்க 2024 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய ஏற்பாடு, முதல் 24 மணி நேரத்தில் மட்டும் சுமார் 1.35 கோடி அழைப்புகளை நிறுத்தியது.

இதிலிருந்தே பரிகாரமும் புலனாகிறது. நாம் அழைக்கும் எண் பெறுபவர் விலாசத்தைப் போன்றது. பிணையம் நமது அழைப்பை அவ்வெண்ணுக்கு உரியவரிடமே கொண்டு செல்ல முயல்கிறது. ஆதலின் ஐயம் எழுந்தால் அழைப்பைத் துண்டித்துவிட்டு, வங்கிப் புத்தகத்திலோ அலுவலக அறிவிப்பிலோ அச்சிட்டுள்ள எண்ணுக்கு நாமே அழைத்தல் வேண்டும். அழைத்தவர் தந்த எண்ணுக்கு அழைப்பதில் பயனில்லை.

ஊழியர்கள் ஊர்க் கூட்டங்களில் எடுத்துரைக்கத் தக்கவை இவை: 140 எனத் தொடங்கும் எண்கள் வியாபார விளம்பரத்திற்கு உரியவை. பொருளை இழந்தவர் 1930 என்ற எண்ணுக்கு உடனே தெரிவித்தல் வேண்டும்; தாமதிக்குந்தோறும் பணம் பல கணக்குகளுக்கு மாறிவிடும். ஐயத்திற்குரிய அழைப்புகளைச் 'சஞ்சார் சாத்தி' தளத்தின் 'சக்ஷு' பிரிவில் பதியலாம். ஒருமுறைக் கடவுச்சொல்லை, முகப்பில் எப்பெயர் தோன்றினும், எவருக்கும் கூறலாகாது.

ஆசிரியர்கள் வகுப்பில் ஓர் உறையை எடுத்து, அனுப்புவோர் இடத்தில் பொய்ப் பெயர் ஒன்றை எழுதிக் காட்டி, 'இது சென்று சேருமா?' என்று வினவலாம். விடையை மாணவர்களே கண்டுகொள்வர். வீட்டிற்குச் சென்று பெரியோருக்கும் உரைப்பர்.